தலைக்கு ரெண்டு வெள்ளி

அம்சவல்லி வாயத் தொறந்தா தேயிலச் செடியே ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும்னு அவ புருசன் சாம்பசிவம் சொல்லுவாரு. காய்கறி லோரி ஓட்டுற மனுசன், எதையும் கொஞ்சம் ஏத்தித்தான் சொல்லுவாரு. ஆனா ரொம்பப் பொய்யும் இல்ல.

அவ பொறந்தது திரிங்காப்புல, கோபிஸ், அதான் முட்டக்கோசு, போடுற வீட்டுல. கல்யாணம் கட்டி இந்தத் தேயிலத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்தா. மலையில நாலு வளைவு தள்ளி வந்ததுதான். அங்க மண்ணுல கை வெச்சு வளந்தவளுக்கு இங்க சமையக்கட்டக் குடுத்தாங்க. சரின்னு வாங்கிக்கிட்டா. ரெண்டு புள்ளைங்கள வளத்து ஈப்போவுக்கு வேலைக்கு அனுப்பிச்சா. "நீங்க சும்மா வீட்டுலதானே இருக்கீங்க?"ன்னு எவனாச்சும் கேட்டா, "ஆமா, எங்க வீட்டுல சோறு தானா வேகும், துணி தானா நடந்துபோயி கொடியில ஏறிக்கும்"னு ஒரு வெட்டு வெட்டுவா. அதுக்கப்புறம் கேக்க மாட்டான்.

பள்ளிக்கூடத்துல நெட்பால் ஆடுனவ அவ. கல்யாணத்துக்கப்புறம் பந்தத் தொடல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆம்பளைங்க மைதானத்துல, அதான் பாடாங்குல, கால்பந்து அடிப்பாங்க. பொம்பளைங்க தண்ணி கலக்கி எடுத்துட்டுப் போயி ஓரமா நிப்பாங்க. ஒரு நாளு அவளுக்குப் பொறுக்கல. கொழுந்துக் கூடை ஒண்ணு பழசாக் கெடந்துச்சு. அதோட அடிய அறுத்துட்டு, பேக்டரிக்குப் பின்னால சும்மா நின்ன கம்பத்துல ஏத்திக் கட்டிட்டா.

"என்னாக்கா, நல்ல கூடைக்கு ஓட்டய போட்டுட்டீங்க?"ன்னு கேட்டா புனிதா. கொழுந்து எடுக்குறவ, அடுத்த வீடு.

"கொழுந்து போட்டா நிக்காது. பந்தப் போட்டுப் பாரு."

அப்பிடி ஆரம்பிச்சதுதான். மொதல்ல புனிதா வந்தா, அப்புறம் அவளோட கொழுந்தெடுக்குற பொம்பளைங்க வந்தாங்க, அப்புறம் கிச்சன்ல ஒளிஞ்சிருந்தவளுங்க எல்லாம் வந்தாளுங்க. சேதி திரிங்காப்புக்குப் போச்சு. அங்க அம்சவல்லியோட அண்ணன் பொஞ்சாதி ரஞ்சிதம், "நாத்தனாரு மட்டும் ஆடுவாங்களாமா?"ன்னு ஒரு டீம கெளப்பிட்டா. போன வருசம் சண்ட புடிச்சு, மல்லுக்கட்டி, ரெண்டு டீமையும் ஆம்பளைங்க பந்து ஆடுற மலை லீக்குல சேத்துட்டா அம்சவல்லி. ஆறு பந்து டீமு, ரெண்டு நெட்பால் டீமு.

சேத்த வருசமே லீக்கு நாறுச்சு. காரணம் வாட்சாப்பு. பனி எறங்கிருச்சு, ஆட்டத்த கம்போங் ராஜா பாடாங்குக்கு மாத்திட்டோம்னு கமிட்டி ஒரு சேதி போடும். அது மேல நாப்பது பேரு ரோசாப்பூ படம் போட்டு காலை வணக்கம் சொல்லிருப்பான். சேதி பூவுக்கு அடியில போயிரும். ஒரு டீமு இங்க நிக்கும், ஒரு டீமு அங்க நிக்கும், ரெண்டும் நாந்தான் ஜெயிச்சேன்னு சொல்லும். இதுக்குன்னு ஆப்பு இருக்காம், ஆட்டம் எங்க எப்பன்னு அவனவன் போனுக்கே நேராச் சொல்லிருமாம், யாரு வெசாரிக்கிறதுன்னு கேட்டாரு தலைவர் திருச்செல்வம். தோட்டத்து ஆபிசுல கணக்கெழுதுற கிராணியா இருந்து ஓய்வு வாங்குனவரு, இன்னும் கிராணின்னுதான் கூப்புடுவாங்க. கேட்டதும் கமிட்டி ஆம்பளைங்க அத்தன பேரும் கூரையில ஓட்ட தேடுனாங்க.

"நான் கேக்குறேன்"ன்னா அம்சவல்லி, இந்த வருசம் லீக்குக்கு அவதான் செகரட்டரி. "மார்க்கெட்டுல வெல கேக்குறவளுக்கு இது என்னா பெரிய விசயம்?"

மூணு கம்பெனியக் கூப்புட்டா. மூணும் மூணு வெதமா வெல வெச்சிருந்துச்சு.

மொதக் கம்பெனி டீமுக்கு இவ்ளோன்னு மாசா மாசம் கேட்டான். "மழக்காலத்துல எங்க பாடாங்கு கொளமா நிக்கும். ஆடவே மாட்டமே?"ன்னு கேட்டா. ஆடுனாலும் ஆடாட்டியும் மாசம் மாசந்தான்னான். அதோட இருபத்தஞ்சு முப்பது பேரு இருக்குற பந்து டீமுக்கும் பன்னெண்டு பேரு இருக்குற நெட்பால் டீமுக்கும் ஒரே வெல. "பெரிய கோபிஸுக்கும் சின்ன கோபிஸுக்கும் ஒரே வெலன்னா சின்னதயெல்லாம் எவன் வாங்குவான்? வேணாம் லா"ன்னு போன வெச்சுட்டா.

ரெண்டாவது கம்பெனி ஓசின்னான். ஓசின்னதும் அவளுக்குக் கண்ணு சின்னதாயிருச்சு. ஆட வர்றவங்க பீஸ ஆப்புக்குள்ளயே கட்டணும், கட்டுற ஒவ்வொருத்தர் காசுலயும் கம்பெனி ஒரு துண்டு வெட்டிக்கும். "எங்கப்பா வீட்டுல இதே வெளையாட்டு நடந்துச்சு"ன்னா. "ஏஜெண்டு லோரி ஓசி, கூடை ஓசிம்பான். கோபிஸ் வித்த காசு கைக்கு வர்றப்ப மேல் எல, கீழ் எல எல்லாம் அவன் உரிச்சிருப்பான்."

மூணாவது கம்பெனி கோலாலம்பூர்ல. ஷர்வின்னு ஒரு பையன், நல்ல தன்மையாப் பேசுனான். "எங்களுக்குத் தலைக்கு ரெண்டு வெள்ளி அன்டி. ஒரு சீசனுக்கு ஒரே தடவ. வேற எதுவும் கெடையாது."

இது அவளுக்குப் புடிச்சுது. எட்டு டீமுலயும் ஆடுறவங்களக் கூட்டுனா எரநூறு தாண்டாது. நானூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சுரும். கமிட்டி கையில இருந்ததும் அதே நானூறுதான். எல்லாத்தயும் துருவிக் கேக்குறவ, ஒரே ஒரு கேள்விய மட்டும் விட்டுட்டா. தலைன்னா ஆடுற தலையா, பேரு போட்ட தலையா?

அதோட நிக்கல. வாட்சாப்புல கொரல் சேதி ஒண்ணு வேற அனுப்புனா. "எல்லாரும் ஆப்புல பேரு போட்டுருங்க. ஒரு பேரும் விட்டுப் போகக் கூடாது. அப்புறம் என் பேரு இல்லன்னு எங்கிட்ட வந்து மூஞ்சத் தூக்கக் கூடாது."

நம்ம சனங்ககிட்ட சொல்ற பேச்சா இது? பேரு போடுன்னு சொன்னா நம்ம ஆளுக்கு ஞாபகம் வர்றது ஒண்ணே ஒண்ணுதான், கோயில் திருவிழா நோட்டீஸு. தலைவர், உதவித் தலைவர், ஆலோசகர், ஒரு நாள் ஒபயம் செஞ்சவரு, அவரு குடும்பம், அவரு மச்சான். ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா அடுத்த தேருக்கு வடம் புடிக்க வரமாட்டான், கல்யாணத்துக்குக் கூப்புட்டாலும் கைய நனைக்க மாட்டான். அதனால டீமு டீமா ஒக்காந்து போட்டாங்க பேர. பந்து பொறுக்குறவன், தண்ணி குடுக்குறவன், லோரியில ஏத்திட்டுப் போறவன், போன வருசம் ஜெர்சிக்குக் காசு குடுத்தவன், குடுக்கிறேன்னு சொன்னவன்.

அம்சவல்லி ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தப்ப ஷர்வின் கூப்புட்டான்.

"அன்டி, பசியாறியாச்சா?"

"ஆச்சு தம்பி. சொல்லு."

"உங்க லீக்குல ஆளுங்க ரொம்ப ஜாஸ்தி போல! கிட்டத்தட்ட நானூறு பேரு. எங்களுக்கு சந்தோசம். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். கியா பார்ம் டீமுல ஒம்போது கோல்கீப்பர் இருக்காங்க."

புளி கையோட அப்பிடியே நின்னுட்டா. "ஒம்போதா?"

"அதுல ஒருத்தருக்கு வயசு தொண்ணூறுக்கு மேல அன்டி. தப்பா அமுத்திட்டாங்களோன்னு பாத்தேன்."

"பேரு என்னா போட்டுருக்கு?"

"முத்துக்கருப்பன்."

"தம்பி, அவரு செத்துப்போயி எத்தனையோ வருசம் ஆச்சுய்யா."

"அப்ப... ஆட மாட்டாரா அன்டி?"

"அவரு எந்திரிச்சு வந்தா நாங்கதான் ஓடணும்."

ஆப்பு ஒவ்வொருத்தரையும் நீ எந்த எடத்துல ஆடுறன்னு கேக்குது. ஆலோசகர்னோ ஒபயம்னோ அதுல போட எடம் இல்ல. சும்மா ஒரே எடத்துல நிக்கிறவன் யாருன்னு யோசிச்சிருக்கானுங்க, எல்லாரையும் கோல்கீப்பர் ஆக்கிட்டானுங்க.

"பேரு இருந்தா காசுதான் அன்டி"ன்னு தயங்கித் தயங்கிச் சொன்னான் ஷர்வின். "யாரு ஆடுறா, யாரு பாக்குறான்னு சிஸ்டத்துக்குத் தெரியாது. திங்கக்கெழம காலையில லிஸ்ட்டு பூட்டிரும். அப்ப இருக்குற பேருக்கெல்லாம் பில்லு வரும். அதுக்கு முன்னால எடுத்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

எண்ணூறு வெள்ளி. அடுப்புல வெச்ச பருப்பு பொங்கி அடுப்ப அணைச்சது அப்புறந்தான் அவ கண்ணுல பட்டுச்சு.

அன்னிக்கே கமிட்டி கூடுச்சு. கிராணி கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டாரு. "நானூறுக்கு மேல ஒரு காசு நம்மகிட்ட இல்ல. பேரக் கொறைக்க முடியலன்னா டீமக் கொறைக்கணும். நெட்பால் ரெண்டும் புதுசா வந்தது. புதுசா வந்தது மொதல்ல எறங்கட்டும். அடுத்த வருசம் பாக்கலாம்மா."

அம்சவல்லிக்கு அடுத்த வருசம்ங்கிற வார்த்த நல்லாத் தெரியும். ரெண்டு வருசம் அதக் கேட்டுத்தான் லீக்குக்குள்ள வந்தா. இப்ப எறங்குனா அந்தப் பொம்பளைங்கள மறுபடி கூட்டியார முடியாது. புனிதா புருசன் ஏற்கெனவே மொனகிட்டு இருக்கான்.

"கிராணியாரே, ரெண்டு நெட்பால் டீமும் சேந்து இருபத்துநாலு பேரு. எங்கள வெட்டுனா நாப்பத்தெட்டு வெள்ளி மிச்சம். செத்தவரு, தூங்குறவரு, ஆட்டம் நடக்குற நாளு ஈப்போவுல படம் பாக்குறவரு எல்லாம் லிஸ்ட்டுல இருக்கட்டும், நிசமா ஓடுறவ எறங்கணுமா?"

"அவங்க பேர எடுக்கச் சொல்லி யாரும்மா போயி நிக்கிறது? நானா?" கிராணி கையெடுத்துக் கும்புட்டாரு. "திங்கக்கெழமைக்குள்ள எரநூறுக்குக் கீழ கொண்டா. நெட்பால் இருக்கும். இல்லன்னா இல்ல."

"போடச் சொன்ன வாயி என் வாயி. எடுக்கச் சொல்றதும் அதே வாயிதான்"னு எந்திரிச்சுட்டா.

மறுநாளு லைன் லைனா ஏறி எறங்குனா. ஒரு வீட்டுல கோப்பி குடுத்து, "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்குறேன் அம்சா"ன்னாங்க. அடுத்த வீட்டுல கோப்பி குடுக்காமயே அதச் சொன்னாங்க. பேக்டரி டீமுக்காரன் ஒருத்தன், "எம் பேர எடுத்துட்டு எஞ் சகலை பேர விட்டீங்கன்னா பாருங்க"ன்னு மெரட்டுனான். அவனும் ஆடல, அவன் சகலையும் ஆடல. நாள் பூரா நடந்து அவ எடுத்தது ஒரே ஒரு பேருதான், அதுவும் அவ புருசன் பேரு. சாம்பசிவம் பேக்டரி டீமுல மூணாவது கோல்கீப்பரா இருந்தாரு.

"என்னை மட்டுந்தான் ஒனக்கு எடுக்க முடியும்"னாரு அவரு.

"மொதல்ல போட்டது யாரு? பந்து வந்தா குனிஞ்சு எடுக்க முடியுமா ஒங்களால?"

சனிக்கெழம கியா பார்முக்குப் போனா. கந்தசாமிக்கு அங்க ரோட்டோரத்துல கடை. ஸ்ட்ராபெர்ரி, சோளம், தேனு. கியா பார்ம் டீம நடத்துறவரு, எழுவது பேரு போட்டவரு, செத்துப்போன முத்துக்கருப்பனுக்கு மகன்.

"வா தங்கச்சி. எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். மத்தவங்க பேர எடுத்துக்க. எங்கப்பா பேரத் தொட்டா டீமு வராது."

"அண்ணே, அவரு எப்பிடிண்ணே ஆடுவாரு?"

"தோட்டத்துப் பாடாங்குல கோல் கம்பம் நட்டது யாரு? பேக்டரியில தூக்கிப் போட்ட பைப்ப தோள்ல சொமந்துட்டு வந்து, வெட்டி, ஒட்டி, நட்டாரு. ஒங்க ஆளுங்க அடிக்கிற பந்து இன்னிக்கும் எங்கப்பா மேலதான் படுது. அவரு பேரு இல்லாத லீக்குல நான் எதுக்கு?"

அந்த ஆளு சொன்னது நியாயம்னு அம்சவல்லிக்கே பட்டுச்சு. கியா பார்ம் போனா அடுத்து கம்போங் ராஜாவும் போகும், லீக்கே இருக்காது.

கடையச் சுத்திப் பாத்தா. தேன் போத்தலுக்கு மேல கோயில் நோட்டீஸு தொங்குச்சு. மேல அம்மன், கீழ எறும்பு மாதிரி பேரு, நடுவுல அமரர் முத்துக்கருப்பன்.

"அண்ணே, இத்தன பேரு இருக்கு. இதுக்கு எவ்ளோ கேட்டான், அச்சாபீசுக்காரன்? பேருக்கு இவ்ளோன்னா?"

கந்தசாமி சிரிச்சுட்டாரு. "எவனாச்சும் பேருக்குக் காசு கேப்பானா? தாளுக்குத்தான் காசு. பத்து பேரு போடு, ஐநூறு பேரு போடு, ஒரே வெலதான்."

சொல்லி முடிக்கல, அம்சவல்லி கடையில கெடந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டா.

"அப்ப நாம ஏண்ணே தலைக்கு வெல வெச்சவன்கிட்ட போயி நோட்டீஸு அடிச்சுட்டிருக்கோம்? ஆப்புல ஓடுற காலுங்கள மட்டும் வெப்போம். மத்த பேரெல்லாம் தாள்ல. மலை லீக்குக்குன்னு ஒரு நோட்டீஸு. எல்லா பாடாங்குலயும் ஒட்டுவோம். எடுத்தவொடனே ஒங்கப்பா."

கந்தசாமி தாடியச் சொறிஞ்சாரு. "எந்த எடத்துல?"

"உச்சியில. கம்பம் நட்டவருன்னு போட்டு. அந்த ஆப்புல அவர யாரு பாக்கப் போறா? கோல்கீப்பர்னு போட்டு வெச்சிருக்கீங்க. நிசத்துல அவரு நட்டதுக்குள்ள கோலு விழுந்துக்கிட்டே இருக்கு, அவருக்குத்தானே கெட்ட பேரு?"

"படம் போடுவியா?"

"போடுவோம்."

"கலர்லயா?"

"அண்ணே, அவரு படமே கறுப்பு வெள்ள லா."

அதுக்கு அவரு சிரிச்ச சிரிப்புல சோளம் வாங்க வந்த ஆளுங்க திரும்பிப் பாத்தாங்க. "சரி, எடு. அச்சாபீசு செலவு என்னோடது"ன்னு போன எடுத்து, அவர் கையாலயே அப்பா பேர அழிச்சாரு. அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அம்சவல்லி ஸ்ட்ராபெர்ரியப் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

வீட்டுக்கு வர்றதுக்குள்ள அடுத்த கொரல் சேதி போயிருச்சு. இந்தத் தடவ வார்த்தய எண்ணி வெச்சா. "கேளுங்க. பாடாங்குல ஓடுறவங்க பேரு ஆப்புல. ஒதவி செஞ்சவங்க, பெரியவங்க, சாமிகிட்ட போனவங்க பேரு நோட்டீஸுல. முத்துக்கருப்பன் ஐயா பேரு நோட்டீஸுக்கு வந்துருச்சு, உச்சியில இருக்கு. அவருக்குக் கீழ யாரு வேணுமோ வாங்க. ரெண்டு எடத்துலயும் பேரு வேணும்னா ஞாயித்துக்கெழம ரெண்டு காலோட வந்து பாடாங்க நாலு சுத்து ஓடிக் காட்டுங்க."

முத்துக்கருப்பனே எறங்கி நோட்டீஸுக்குப் போயிட்டாருன்னா அங்கதான் மருவாதின்னு ஊருக்குப் புரிஞ்சுபோச்சு. ஆப்புல இருந்து பேரு கொட்டுச்சு பாருங்க, ஆடி மாசக் காத்துல எல கொட்டுற மாதிரி. பேக்டரிக்காரனும் அவன் சகலையும் ஒண்ணா எறங்குனாங்க, நோட்டீஸுல ரெண்டு பேரும் ஒரே வரியில வரணும்ங்கிற நிபந்தனையோட. நாலு சுத்து ஓட ஒருத்தரும் வரல. கிராணி மட்டும் தனியாக் கூப்புட்டு, "தலைவர்னு போடுறப்ப கொஞ்சம் தடிச்ச எழுத்தா..."ன்னு இழுத்தாரு.

"ஒங்களுக்கு இல்லாத தடிப்பா கிராணியாரே? போட்டுருவோம்."

திங்கக்கெழம லிஸ்ட்டு பூட்டுச்சு. நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. அதுல இருபத்துநாலு பொம்பளைங்க, ஒண்ணும் கொறையல.

ஷர்வின் கவலையோட கூப்புட்டான். "அன்டி, பாதிப் பேரு காணோம். எங்க மேல ஏதும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல தம்பி. ஒங்க வெல நல்ல வெல, அதுல ஒண்ணும் குத்தம் இல்ல. நாங்கதான் கோயிலயும் பாடாங்கயும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிட்டோம். ஒண்ணு செய்யி. ஒங்க பாஸ்கிட்ட சொல்லி, ஆடாதவங்களுக்கும் ஒரு எடம் வெய்யி, காசில்லாம. எங்கள மாதிரி சனம் எல்லா ஊர்லயும் இருக்கு. நீங்க கேக்கலன்னாலும் பேரு போடுவாங்க."

"கேட்டுப் பாக்குறேன் அன்டி."

"கேளு. வாய் இருக்குறதே கேக்கத்தானே?"

மொத ஆட்டத்துக்கு ஆப்பு சேதி அனுப்புச்சு. பனி எறங்கியிருக்கு, ஒரு மணி நேரம் தள்ளி ஆரம்பம், எடம் தோட்டத்துப் பாடாங்கு. சொன்ன நேரத்துக்கு சொன்ன எடத்துக்கு எல்லாரும் வந்தது மலை லீக்கு வரலாத்துலயே அதுதான் மொத தடவ. நோட்டீஸு முன்னால ஒரு கூட்டம், அவங்கவங்க பேரத் தேடி வெரல் வெச்சுப் படம் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

நெட்பால்தான் முதல்ல. தோட்டத்துப் பொம்பளைங்களுக்கும் திரிங்காப்புக்கும். ரஞ்சிதம் எதுக்க வந்து நின்னு இடுப்புல கை வெச்சா.

"என்னா நாத்தனாரே, பொறந்த வீட்டுக்கு எதிராவே நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"பொறந்த வீட்டு சீதனம் பாக்கி இருக்கு அண்ணி. அத வாங்கத்தான் நிக்கிறேன்."

வாய் நல்லாத்தான் ஆடுச்சு. காலுதான் ஆடல. திரிங்காப்புக்காரிங்க கோபிஸ் தூக்குன கையி, பந்து அம்புமாதிரி போச்சு. புனிதா விழுந்து எந்திரிச்சா, மறுபடி விழுந்தா. அவ புருசன் ஓரத்துல நின்னு, "எந்திரி புனிதா, ஓடு, ஓடு!"ன்னு கத்துன கத்துல அவன் மொனகுனதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. ஊதி முடிக்கிறப்ப தோட்டம் ஏழு, திரிங்காப்பு இருவது.

செகரட்டரிதான் ஆப்புல கணக்குப் போடணும். அம்சவல்லி முட்டியில சேறு, மூச்சு வாங்குது, கண்ணாடிய நெத்தியில ஏத்திக்கிட்டு ஏழையும் இருவதையும் அமுத்துனா. அமுத்திட்டு எல்லாருக்கும் காட்டுனா.

சாம்பசிவம் பக்கத்துல வந்து எட்டிப் பாத்தாரு. "தோத்த கணக்க யாராச்சும் இப்பிடி ஊருக்கே தூக்கிக் காட்டுவாங்களா?"

"ஆடுனவதான் தோக்க முடியும். நான் தோத்திருக்கேன், பாருங்க நல்லா"ன்னு போன அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா அம்சவல்லி.